கன்று நலப் பயிற்சியில் கால்நடை மருத்துவ மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்றுக் கொட்டிலில் பயிற்சி மாணவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை வேலையின் வரிசை மாறுவதால் வருபவை. நுழைந்ததும் கன்றைப் பிடித்துவிடுவது அதில் முதலாவது. மிரண்ட கன்றுக்கு மூச்சு வேகமெடுக்கும். அதன்பின் எண்ணிப் பயனில்லை. எட்ட நின்றே மூச்சு, இருமல், காதுத் தொங்கல், மூக்குச்சளி எல்லாவற்றையும் குறித்துவிட்டு, கடைசியில் வெப்பமானியை எடுங்கள். அதன் முனை சாணத்துக்குள் புதையாமல் மலக்குடல் சுவரைத் தொட வேண்டும். இல்லையேல் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கன்றும் நலமாகத்தான் தெரியும்.

சுற்றி வருவதிலும் வரிசை உண்டு: இளம் கன்று முதலில், பெரியது அடுத்து, கழிச்சல் கண்டது கடைசியில். கழிச்சலை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மனிதருக்கும் தொற்றும்; கால்நடை மாணவர்கள் அதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். ஆல்கஹால் கைத்திரவம் அதைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி.

அதிகம் சறுக்குவது சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) புரதச் சோதனையில். சீம்பாலின் நோய் எதிர்ப்புப் புரதம் கன்றின் ரத்தத்தில் சேர்ந்ததா என்று பார்க்க, பிறந்து 24 மணி நேரம் முதல் 7 நாளுக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். கழிச்சலால் நீர் வற்றிய கன்றில் புரத அளவு பொய்யாக உயரும். அங்கே 100 மில்லிக்கு 6.2 கிராம் வந்தாலும் ‘மிக நன்று’ என்று எழுதிவிடாதீர்கள். உறைதடுப்பான் உள்ள குழாயில் எடுத்தால் கிடைப்பது பிளாஸ்மா. அதிலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் அளவைக் கூட்டிக் காட்டும். புரதத்தை ஒளிவிலகலால் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரால் பூஜ்யத்தில் நிறுத்திய பிறகே சொட்டு விடுங்கள். எந்த அளவுகோலைப் படிக்கிறோம் என்பதிலும் குழப்பம் வரும்: இந்தக் கருவியின் இன்னொரு அளவுகோலான பிரிக்ஸில் 22 சதவீதம் நல்ல சீம்பாலுக்கான எல்லை. சீரத்தையே பிரிக்ஸில் பார்த்தால் எல்லை சுமார் 8.4 சதவீதம்தான்.

உணவுக்குழாய் வழியாகச் சீம்பால் புகட்டும்போது கழுத்தைத் தடவி மூச்சுக்குழாய், புகட்டும் குழாய் என இரண்டும் தனித்தனியே கைக்குப் படுகின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் படுகிறது என்றால் உருவிவிட்டு மறுபடி தொடங்குங்கள். எடுக்கும்போது குழாயை மடக்கிப் பிடிக்காவிட்டால் மிச்சத் துளிகள் நுரையீரலுக்குப் போகும்.

கழிச்சல் கண்டதும் பாலை நிறுத்துவது பழைய பழக்கம். உப்புச் சர்க்கரைக் கரைசல் நீரிழப்பை ஈடுகட்டும், பசியை ஆற்றாது. பாலைத் தொடர்ந்து கொடுத்து, கரைசலை இடைவேளையில் தனியாகக் கொடுக்க வேண்டும். உறிஞ்சும் உணர்வு போய், நிற்கவும் முடியாத கன்றுக்கு வாய்வழிக் கரைசலோடு நின்றுவிடாமல் மேற்பார்வை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். சிரைவழித் திரவம் தேவைப்படும்.

இனி ஆய்வுப் பதிவு. சாண மதிப்பெண் 0 முதல் 3 வரை என்றால், 1க்கும் 2க்கும் என்ன வேறுபாடு என்பதைத் தொடங்கும் முன்பே படத்தோடு முடிவு செய்து, இருவர் அதே கன்றுகளைத் தனித்தனியே பார்த்து ஒப்பிட வேண்டும். எந்தக் கன்றுக்கு எந்தச் சிகிச்சை என்பது மதிப்பெண் போடுபவருக்குத் தெரியக் கூடாது. பார்க்காத கன்றுக்கு 0 போடாதீர்கள். 0 என்றால் நலம் என்று பொருள், கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதுங்கள். காது வில்லை எண்ணைக் குழாயின் மூடியில் எழுதினால் மூடி மாறியதும் மாதிரியும் மாறிவிடும், குழாயின் உடலில் எழுதுங்கள். 8 கன்றுகள் ஒரே அடைப்பில் ஒரே தீவனச் சிகிச்சை பெற்றால் ஆய்வுக் கணக்கில் அந்த அடைப்பு ஒரு அலகு, எட்டு அல்ல. இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் திருத்த வழியில்லை, முதல் நாளிலேயே வழிகாட்டியிடம் கேளுங்கள்.