பணியிட ஊரில் வீடு தேடும் புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்மாவட்டங்களிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் பணி ஆணையோடு வந்திறங்கும் இளம் ஆசிரியர்கள், 2009-இல் ஓசூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது நான் செய்த பிழைகளையே திரும்பவும் செய்வதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. வாடகையைப் பேரம் பேசவும் தண்ணீர் வருமா என்று விசாரிக்கவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால், கைப்பணத்தைக் கரைக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

முதல் மாதமே சம்பளம் வரும் என்று நம்புவது

அரசு ஊழியர்களின் சம்பளம் போடப்படும் இணையவழி அமைப்பான களஞ்சியத்தில் பணியாளர் எண் உருவாகி முதல் ஊதியம் கைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் கடந்துவிடுவதுண்டு. இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 20,600 ரூபாய்தான். முதல் சம்பளம் வரும்வரை சக ஆசிரியர்களோடு ஓர் அறையில் தங்கிக்கொள்ளுங்கள்.

ஒத்திக்கு வீடு எடுப்பது

எங்கள் ஊரில் ஒத்தி என்றும் ஓசூரில் லீஸ் என்றும் சொல்லப்படும் இந்த முறையில், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அதைத் திரும்பப் பெற வேண்டும். மாதம் 3,000 ரூபாய் வாடகை மிச்சமாகும் என்ற ஆசையில், நகைகளை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு அடகு வைத்து 2 லட்சம் ரூபாய் திரட்டி, மூன்றாண்டு ஒத்திக்கு 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினேன். வட்டியே மாதம் 2,000 ரூபாய் ஆனதால் உண்மையான மிச்சம் 1,000 ரூபாய்தான் என்பதை அப்போது நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இருபது மாதங்களில் ஊத்தங்கரைப் பக்கம் மனமொத்த மாறுதல் (இரு ஆசிரியர்கள் சம்மதித்து இடம் மாற்றிக்கொள்வது) கிடைத்தது. அடுத்த ஆள் ஒத்திக்கு வந்தால்தான் பணம் தர முடியும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பணம் கைக்கு வரப் பதினாறு மாதங்கள் ஆயின; அதற்குள் 32,000 ரூபாய் வட்டி கட்டியதோடு, புதிய ஊரில் வாடகையும் கொடுத்தேன். மிச்சம் பிடித்த 20,000 ரூபாய் போன இடம் தெரியவில்லை.

பதிவு செய்யாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு வழக்குத் தொடுக்கவும் எனக்குத் துணிவில்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கு வீட்டை ஒப்படைத்துச் செய்யும் அடமானம், பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே செல்லும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டின் மூலப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருந்து, கடன் வாராக்கடனானால் குடியிருப்பவரின் நிலை இன்னும் மோசம். வாடகை ரசீது இல்லாததால் பழைய வருமான வரி முறையில் வாடகைப்படிக்கு உள்ள விலக்கையும் கேட்க முடியாது. மாறுதல் கலந்தாய்வை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் எவரும் ஒத்திப் பக்கமே போக வேண்டாம்.

பத்து மாத முன்பணம்

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணத்தின் வரம்பாக வைத்தாலும், இரு தரப்பும் வேறு தொகைக்கு ஒப்புக்கொள்ள இடமளிக்கிறது. ஆகவே பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால், கையெழுத்திடும் முன்பே பேசிக் குறையுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மாறுதல் பயணப்படியை நம்பி லாரி பிடிப்பது

சொந்த விருப்பத்தில் மாறுதல் கேட்டவருக்கு அது கிடையாது.

நகரில் வீடு, கிராமத்தில் பள்ளி

சம்பளத்தோடு வரும் வாடகைப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரையல்ல, பள்ளி இருக்கும் ஊரைப் பொறுத்தது.