ஓட்ட வேகத்துக்காக எடை தூக்குகிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலையில் போனால், காவலர் தேர்வுக்கும் போட்டிகளுக்கும் தயாராகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். உழைப்பில் யாருக்கும் குறையில்லை. ஆனால் 100 மீட்டர் நேரத்தைக் குறைக்க ஜிம்முக்குப் போகும் பலர், வேகத்தை விட்டுவிட்டுக் களைப்பைத்தான் சேர்க்கிறார்கள்.

எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 20 தடவை எடுத்துவிட்டு, அரை நிமிடம் மூச்சு வாங்கி, உடனே அடுத்த செட். சட்டை நனையும், தொடை எரியும், வேகம் கூடாது. முழு வேகத்தில் ஓடும்போது பாதம் தரையில் படும் நேரம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.1 விநாடிதான். அதற்குள் தரையை எவ்வளவு பலமாக உந்துகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம். முறையாகத் தூக்கப் பழகியபின், கனமான எடையை செட்டுக்கு 3 முதல் 5 தடவை தூக்கினால் போதும். நிதானமாக இறங்கி, விசையோடு எழ வேண்டும். செட்டுகளுக்கு நடுவே 3 முதல் 5 நிமிடம் ஓய்வு. தசைக்கு உடனடி சக்தி தரும் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருள் தீர்ந்தபின் மறுபடி நிரம்ப அவ்வளவு நேரம் ஆகும். சும்மா உட்கார்ந்திருப்பதாக யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

ஓட்டத்துக்கும் 10 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று ஓய்வு வைத்துக்கொள்ளுங்கள். எடையும் ஓட்டமும் ஒரே நாளில் என்றால் ஓட்டம்தான் முதலில்.

வைகை மணலில் ஓடினால் வேகம் வரும் என்று நம்பி தினமும் ஓடுபவர்கள் உண்டு. மணலில் பாதம் புதைந்து, தரையில் நிற்கும் நேரம் நீள்கிறது. நமக்கு வேண்டியது நேர்மாறானது. எப்போதாவது ஓடலாம், அவ்வளவுதான். டயர் இழுப்பது புறப்பாட்டு வேகத்துக்கு நல்லது, ஆனால் 20 மீட்டரோடு நிறுத்துங்கள். கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு முழு வேகத்தில் ஓடவே வேண்டாம். கால் வீசும் விதமே மாறிவிடும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பின்தொடை. கண்ணாடியில் தெரியும் முன்தொடையை மட்டும் வளர்த்துவிட்டு, ஓட்டத்தின் நடுவில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். முழங்காலிட்டு நில்லுங்கள். நண்பர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல் மெல்ல முன்னால் சாயுங்கள். இந்த நார்டிக் பயிற்சி பின்தொடைக் காயத்தைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மெஷினே தேவையில்லை. சக்கிமங்கலம் ரேவதி வீரமணியும் வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனவர்தான். வசதி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். வாரம் ஒருமுறை, 5 தடவையாக 2 செட்டில் ஆரம்பியுங்கள். அடுத்த நாள் நன்றாக வலிக்கும் என்பதால், போட்டி வாரத்தில் மட்டும் புதிதாகத் தொடங்க வேண்டாம்.