ஆய்வுக் கட்டுரைக்குப் பொருளடக்கம்: கையால் தட்டச்சு செய்யவே வேண்டாம்

ஆய்வேட்டை எழுதி முடித்த கையோடு, பொருளடக்கத்தைத் தட்டச்சு செய்ய உட்காருகிறவர்கள் நிறையப் பேர். தலைப்பு, வரிசையாகப் புள்ளிகள், கடைசியில் பக்க எண். நெறியாளர் நடுவில் இரண்டு பத்தி சேர்க்கச் சொன்னால் போதும், அத்தனை எண்ணையும் மறுபடி பார்க்க வேண்டும். இந்த வேலையை மைக்ரோசாஃப்ட் வேர்டிடமே விட்டுவிடலாம். ஆனால் எது தலைப்பு என்று முதலில் அதற்குச் சொல்ல வேண்டும்.

படி 1: தலைப்பை அடையாளம் காட்டுங்கள்

எழுத்தைப் பெரிதாக்கி போல்ட் செய்தால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. வேர்டுக்கோ அதுவும் சாதாரண வரிதான். கர்சரை அந்த வரியில் வைத்து, ஹோம் பகுதியில் உள்ள ஸ்டைல்ஸில் ஹெடிங் 1-ஐச் சொடுக்குங்கள். கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் சரி. உட்தலைப்புக்கு 2, அதற்கும் உள்ளே 3.

"ஆய்வு முறை" ஹெடிங் 1 என்றால், "தரவு சேகரிப்பு" ஹெடிங் 2, "வினாநிரல்" ஹெடிங் 3. எழுத்து அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக 1-இலிருந்து நேரே 3-க்குத் தாவாதீர்கள். பொருளடக்கத்தில் அந்த வரி தேவையில்லாமல் உள்ளே தள்ளி நிற்கும்.

படி 2: தோற்றத்தை ஸ்டைலில் மாற்றுங்கள்

தலைப்புக்கு வேர்டு தரும் நீல நிறம் வேண்டாமா? ஒவ்வொரு தலைப்பாகப் போய் மாற்றாதீர்கள். ஸ்டைல்ஸில் ஹெடிங் 1 மேல் வலது கிளிக் செய்து மாடிஃபை கொடுங்கள். அங்கே ஒருமுறை மாற்றினால் கட்டுரை முழுக்க மாறிவிடும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வு எழுத்து நடை விதிகள்) 7ஆம் பதிப்பின்படி முதல் நிலைத் தலைப்பு நடுவில், தடித்த எழுத்தில் வரும். இரண்டாம் நிலை இடது ஓரத்தில், தடித்து. மூன்றாம் நிலை இடது ஓரத்தில், தடித்துச் சாய்ந்து.

தமிழ்த் தலைப்பில் எழுத்து அளவு மாற மறுத்தால், மாடிஃபைக்குள் ஃபார்மட், ஃபான்ட் போய் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் மாற்றிப் பாருங்கள். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அங்கேதான் இருக்கின்றன.

படி 3: பொருளடக்கத்தைச் சேருங்கள்

முன்பக்கத்தில் கர்சரை வைத்து, ரெஃபரன்சஸில் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ். பட்டியலில் 'ஆட்டோமேட்டிக்' என்றிருப்பதையே எடுங்கள், 'மேனுவல்' வேண்டாம்.

படி 4: புதுப்பியுங்கள்

இது தானாக மாறிக்கொண்டே இருக்காது. திருத்தங்கள் முடிந்ததும் பொருளடக்கத்தின் மேல் சொடுக்கி எஃப்9 அழுத்தி, 'அப்டேட் என்டையர் டேபிள்' கொடுங்கள். பொருளடக்கத்துக்குள்ளேயே கையால் திருத்தியது எல்லாம் இப்போது போய்விடும். அதனால் எதையும் கட்டுரைக்குள் இருக்கும் தலைப்பிலேயே திருத்துங்கள்.

முழுப் பத்தி ஒன்று பொருளடக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். அதற்குத் தவறுதலாக ஹெடிங் விழுந்திருக்கும். அந்தப் பத்திக்குப் போய் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் (N) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; அது மறுபடி சாதாரண பத்தியாகிவிடும். அப்புறம் இன்னொரு எஃப்9.