தலையை அளந்து வாரம் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

ஸ்கேன் இயந்திரத்துக்குச் சந்தேகமே வராது. காலிப்பரை (திரையில் இரண்டு முனைகளைக் குறித்து அளக்கும் குறியை) எங்கே வைத்தாலும் கர்ப்பம் ‘22 வாரம் 4 நாள்’ என்று நாள் கணக்கோடு அச்சடித்துத் தந்துவிடும். வயிற்றிலுள்ள குழந்தையின் தலையை எந்தத் தளத்தில் (குறுக்குவெட்டில்) பிடித்தோம், எலும்பின் எந்த ஓரத்தைத் தொட்டோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கு அளப்பவர் கையில்தான் இருக்கிறது.

முதலில் தளம். தலையின் அகலமான பிபிடிக்கும் சுற்றளவான ஹெச்சிக்கும் ஒரே தளம்தான்: மூளையின் நடுக்கோட்டின் இருபுறமும் தலாமஸ் என்ற மூளைப் பகுதி, முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் நடுக்கோட்டை உடைத்துக்கொண்டு சிறு பெட்டி போல கேவம் செப்டம் என்ற நீர் நிறைந்த இடைவெளி. இரு பாதி மூளையும் சமமாகத் தெரிய வேண்டும். நடுக்கோடு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் புரோப் (வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவி) சாய்ந்திருக்கிறது என்று பொருள். சிறுமூளை தெரிந்தால் பின்பக்கம் கீழே இறங்கிவிட்டோம். அந்தப் படத்தில் அளக்கக் கூடாது. கேவம் என்று நினைத்து அதன் அருகிலுள்ள ஃபார்னிக்ஸ் என்ற நரம்பிழைக் கற்றையைப் பிடிப்பதும் அடிக்கடி நடக்கிறது. கேவம் இரண்டு கோடுகளுக்கு நடுவே கறுப்பாக இருக்கும். ஃபார்னிக்ஸில் நடுவிலும் ஒரு கோடு ஓடும்.

நடுக்கோடு திரையில் ஏறக்குறைய படுக்கை வாட்டில் இருப்பது நல்லது. ஒலி அலை எலும்பில் செங்குத்தாகப் பட்டால்தான் ஓரம் கூர்மையாக விழும். கெயினை (படத்தின் வெளிச்ச அளவை) கூட்டி வைத்தால் எலும்பு தடித்துத் தெரியும், காலிப்பர் வைக்கும் இடமே மங்கிவிடும்.

அடுத்தது காலிப்பர். அதிகம் கவனிக்கப்படாத தவறு இங்கேதான். பிபிடியை இரண்டு விதமாக அளக்கிறார்கள். புரோப்புக்கு அருகிலுள்ள எலும்பின் வெளி ஓரத்திலிருந்து எதிர்ப்பக்க எலும்பின் உள் ஓரம் வரை அளப்பது ஒன்று. இருபுறமும் வெளி ஓரத்தில் வைப்பது இன்னொன்று. இரண்டும் சரியான முறைகளே. ஆனால் அளவை வாரமாக மாற்றும் அட்டவணையை எந்த முறையில் அளந்து தயாரித்தார்களோ அதே முறையில்தான் நாமும் அளக்க வேண்டும். பல இயந்திரங்களில் முன்கூட்டியே இருக்கும் ஹாட்லாக் அட்டவணை முதல் முறைக்கானது. இன்டர்குரோத்-21 என்ற பன்னாட்டு ஆய்வு வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்தது. முறையும் அட்டவணையும் பொருந்தாவிட்டால் எதிர்ப்பக்க எலும்பின் தடிமன் அளவுக்குப் பிழை சேரும். 20 வாரத்தில் பிபிடி வாரத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது. எனவே 2, 3 மி.மீ. என்பது ஒரு வாரத்துக்கு அருகில் போய்விடும். மாதம் ஏற ஏற வளர்ச்சி மெதுவாகும். அதே 3 மி.மீ. 36 வாரத்துக்கு மேல் ஒன்றரை வாரத்தையும் தாண்டும். புது இயந்திரம் வந்ததும் செட்டிங்கில் எந்த அட்டவணை இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

ஹெச்சிக்கான நீள்வட்டம் எலும்பின் வெளி ஓரத்தைத் தழுவ வேண்டும். தலைத்தோலையும் முடியையும் சேர்த்து வளைத்தால் வாரம் கூடிப்போகும்.

தலையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். குழந்தை பிரீச்சாக (தலை மேலாக, பிட்டம் கீழாக) இருந்தாலோ பனிக்குட நீர் குறைந்தாலோ தலை பக்கவாட்டில் அமுங்கி நீளும். பிபிடி மட்டும் பார்த்தால் குழந்தை சிறியது என்றே தோன்றும். அகலத்தை நெற்றி முதல் பிடரி வரையுள்ள நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிடைப்பது தலைக் குறியீடு. அது சுமார் 74க்கும் 83க்கும் வெளியே போனால் பிபிடியை விட்டுவிட்டு ஹெச்சியை எடுங்கள். மூளையில் நீர் கோத்திருந்தாலோ தலையே மிகச் சிறியதாக இருந்தாலோ ஹெச்சியும் உதவாது. அப்போது தொடை எலும்பின் நீளத்தையும் சிறுமூளையின் குறுக்களவையும் பார்க்கலாம். சிறுமூளை அளவு மி.மீ.யில் எவ்வளவோ, 20 வாரம் வாக்கில் கிட்டத்தட்ட அத்தனை வாரம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒவ்வொரு ஸ்கேனிலும் பிரசவத் தேதியை மாற்றுவது. ரிப்போர்ட்டுக்கு ஒரு தேதி இருந்தால் வீட்டில் எந்தத் தேதியை நம்புவார்கள்? முதல் மூன்று மாதத்தில் சிஆர்எல் (உச்சந்தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளம்) அளந்து தேதி குறித்தாயிற்று என்றால் அதுவே கடைசி வரை. சிஆர்எல் 84 மி.மீ.யைத் தாண்டிய பிறகுதான் தலை அளவுக்கு வேலை. முதல் மூன்று மாதத்தில் குறித்த தேதிப்படி 34 வாரம், தலை அளவு 31 வாரம் என்று வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ‘தேதி தப்பா?’ அல்ல, ‘குழந்தை ஏன் வளரவில்லை?’. தேதியைத் தள்ளிப்போட்டால் வளர்ச்சிக் குறை காகிதத்தில் மறைந்துவிடும். மறுபுறம், தலை சரியாக இருப்பதாலேயே வளர்ச்சி சரி என்றும் சொல்ல முடியாது. ஊட்டம் குறையும்போது உடல் மூளைக்கு முதலில் ரத்தம் அனுப்பும். வயிற்றுச் சுற்றளவுதான் முதலில் பின்தங்கும்.

ஆரம்ப ஸ்கேன் இல்லாமல் எல்எம்பி (கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி) மட்டும் இருந்தால், எவ்வளவு வித்தியாசத்துக்கு மேல் தேதியை மாற்றலாம் என்பதற்கு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் வரம்பு வைத்திருக்கிறது: 16 முதல் 22 வாரத்துக்குள் 10 நாளுக்கு மேல், 22 முதல் 28க்குள் 14 நாளுக்கு மேல், 28க்குப் பிறகு 21 நாளுக்கு மேல். மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறை வருபவரின் எல்எம்பி கணக்கே ஒரு வாரம் கூடுதலாகக் காட்டும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்எம்பியும் தெரியாமல் ஏழாம் மாதத்துக்குப் பிறகு முதல் ஸ்கேனுக்கு வந்தால் தலை அளவு மூன்று வாரம் வரை முன்பின் ஆகலாம். ரிப்போர்ட்டில் ஒற்றை எண்ணை எழுதாமல் ‘± 3 வாரம்’ என்று சேர்த்து எழுதுங்கள். 3, 4 வாரம் கழித்து மறுபடி அளந்து வளர்ச்சி வேகத்தைப் பாருங்கள்.