மென்பொருள் ஆவணங்களை ஒரு சிறிய வலை வழங்கி மூலம் தருதல்

பைத்தான், போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்றவற்றின் கையேடுகள் எச்டிஎம்எல் கோப்புகளாகவே கிடைக்கின்றன. தரவிறக்கி இருமுறை சொடுக்கினால் உலாவியில் திறந்துவிடும். அப்படியிருக்க வழங்கி, அதாவது உலாவி கேட்கும் பக்கங்களை அனுப்பித்தரும் நிரல் (சர்வர்), எதற்கு என்று கேட்பது நியாயமே. பைத்தான் கையேட்டைப் பொறுத்தவரை அதை நேரடியாகத் திறந்தாலும் பெரும்பாலும் குறையின்றி வேலை செய்யும். ஆவணத் தளங்களை உருவாக்கும் கருவியான எம்கேடாக்ஸில் உருவான ஆவணம் அப்படியல்ல. அதன் இணைப்புகள் பொதுவாகக் கோப்பைச் சுட்டாமல் கோப்புறையைச் சுட்டுகின்றன. வழங்கி இருந்தால் அக்கோப்புறைக்குள் உள்ள 'இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்' தானாக வரும், இல்லையென்றால் கோப்புப் பட்டியல்தான் வரும். தேடல் பெட்டியும் செயலற்றுப்போகும். ஏனெனில் தேடலுக்கான ஜேசான் என்ற தரவுக் கோப்பை வட்டிலிருந்து நேராக எடுத்துப் படிக்க இன்றைய உலாவிகள், பாதுகாப்புக் கருதி, பக்கத்தை அனுமதிப்பதில்லை. இவற்றோடு, ஒரே அறையிலுள்ள பல கணினிகளுக்கு ஒரே பிரதி போதும் என்ற வசதியும் சேரும்போது, ஒரு சிறிய வழங்கி வைப்பது பயனுள்ளதாகிறது.

இங்கே டெபியன் என்ற லினக்ஸ் வகை இயங்கும் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் சொல்கிறேன். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

முதல் வேலை ஆவணங்களை ஓரிடத்தில் சேர்ப்பது. டெபியனில் பல மென்பொருள்களின் கையேடு 'டாக்' என்று பெயர் முடியும் தனித் தொகுப்பாக இருக்கும். டெபியனின் நிறுவும் கருவியான 'ஏபிடி' கொண்டு நிறுவினால் அது பெரும்பாலும் '/யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்' என்ற கோப்புறைக்குக் கீழே போய் அமரும். சரியான இடம் தெரிய வேண்டுமானால் 'டிபிகேஜி' கட்டளைக்குப் பேரெழுத்து 'எல்' ஆப்ஷனையும் தொகுப்பின் பெயரையும் கொடுத்தால் அதன் கோப்புகள் அனைத்தும் வரிசையாக வரும். அந்த 'டாக்' கோப்புறையை அப்படியே வழங்கிவிடலாம் என்று தோன்றும். நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் நிறுவப்பட்ட ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் உட்கோப்புறை உண்டு. பெரும்பாலானவற்றில் உரிமக் குறிப்பும், சொடுக்கினால் பல உலாவிகள் காட்டாமல் தரவிறக்கும் சுருக்கப்பட்ட மாற்றப் பதிவும்தான் இருக்கும். அதோடு, எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு அங்கே இருக்கிறது என்ற விவரமும் பார்ப்பவர் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மாறாக '/எஸ்ஆர்வி/ஆவணம்' என்று ஒரு புதிய கோப்புறையை உருவாக்கி, தேவையான கையேடுகளுக்கு மட்டும் அதற்குள் குறியீட்டு இணைப்புகளை (வேறிடத்திலுள்ள கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் குறிப்புகளை) 'எல்என் -எஸ்' மூலம் இடுவது நல்லது. தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது இணைப்பின் வழியே புதிய கையேடே தெரியும். மறுபடி நகலெடுக்க வேண்டியதில்லை. முகப்பில் நான்கைந்து இணைப்புகள் கொண்ட ஒரு சிறு 'இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்' கோப்பைக் கையாலேயே எழுதி வைத்தால் போதுமானது. இணையத்திலிருந்து ஜிப் கோப்பாக எடுத்த ஆவணம் என்றால் முழுவதையும் விரியுங்கள்; எச்டிஎம்எல் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தால், ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவி அடிக்கோட்டோடு பெயரிடும் '_ஸ்டாட்டிக்' கோப்புறை விடுபட்டு, பக்கங்கள் வடிவமைப்பின்றி மொட்டையாக நிற்கும்.

அடுத்து வழங்கியை இயக்குவது. பைத்தான் 3-இல் உள்ளமைந்த 'எச்டிடிபி.சர்வர்' என்ற தொகுதியே இதற்குப் போதும்:

பைத்தான்3 -எம் எச்டிடிபி.சர்வர் 8000 --பைண்ட் 127.0.0.1 --டைரக்டரி /எஸ்ஆர்வி/ஆவணம்

'டைரக்டரி' ஆப்ஷன் 3.7 பதிப்பிலிருந்து உண்டு. 8000 என்பது போர்ட் எண், அதாவது கணினியில் இந்த வழங்கிக்குரிய வாசல் எண்; 1024-க்குக் கீழுள்ள எண்களுக்கு லினக்ஸில் பொதுவாக ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும் என்பதால் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. இனி உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்:8000' என்று தட்டினால் முகப்புப் பக்கம் வரும்.

அந்தக் கட்டளையில் கவனம் வேண்டிய இடம் 'பைண்ட்'. அதை விட்டுவிட்டால் வழங்கி கணினியின் எல்லா முகவரிகளிலும் காது கொடுக்கும். காபிக் கடையின் வைஃபையில் இருந்தால் அங்குள்ள பிறரும் உங்கள் கோப்புகளை எட்டக்கூடும். எந்த நிலையில் இருக்கிறது என்பதை 'எஸ்எஸ் -எல்டிஎன்' கட்டளை காட்டும். 8000-க்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால் உங்கள் கணினிக்கு மட்டும், 0.0.0.0 என்றோ உடுக்குறி என்றோ இருந்தால் எல்லாருக்கும். அறையிலுள்ள மற்றவர்களுக்கும் தர வேண்டுமென்றால் உள்வலையில் உங்கள் கணினிக்கு உரிய முகவரியையே, எடுத்துக்காட்டாக 192.168.1.10 என்று, குறிப்பிட்டு எழுதுங்கள்.

'டைரக்டரி'யும் அதே அளவு முக்கியம். அதைக் கொடுக்காவிட்டால் நீங்கள் நிற்கும் கோப்புறையே வழங்கப்படும். வீட்டுக் கோப்புறையில் நின்றபடி இயக்கினால், 'இன்டெக்ஸ்' கோப்பு இல்லாத அவ்விடத்தில் முழுப் பட்டியலும் திரையில் விரியும்; புள்ளியில் தொடங்கும் கோப்புகளும் அதில் மறைக்கப்படுவதில்லை, ஆகவே '.எஸ்எஸ்எச்' கோப்புறையில் தொலைக் கணினிகளுக்குள் நுழைவதற்காக வைத்திருக்கும் தனிச் சாவியும் ஒரு சொடுக்கில் கிடைக்கும். குறியீட்டு இணைப்புகளையும் இந்த வழங்கி கேள்வி கேட்காமல் பின்தொடரும், அவை எங்கே சென்றாலும் சரி. நமக்கு மேலே உதவிய அதே இயல்புதான், எனவே அக்கோப்புறையில் யார் எழுதலாம் என்பதைக் கட்டுக்குள் வையுங்கள். இதில் அடிப்படைப் பாதுகாப்புச் சோதனைகள் மட்டுமே உள்ளன, பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது.

வழங்கி இயங்கும் டெர்மினலை உடனே மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அங்கே ஒரு வரி விழும்: கேட்டவரின் முகவரி, நேரம், கேட்ட பாதை, இறுதியில் நிலை எண். பக்கம் சரியாகத் தெரியவில்லை என்றால் 404 என்று முடியும் வரியைத் தேடுங்கள். எந்தக் கோப்பு இல்லை என்பது அதிலேயே இருக்கும்.

தமிழில் ஆவணம் எழுதுவோருக்கு ஒரு சிக்கல் தனியாக உண்டு. எச்டிஎம்எல் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று அறிவித்திருந்தால் தமிழ் சரியாக வரும். வெறும் உரைக் கோப்பில் அப்படி அறிவிக்க இடமில்லை. இந்த வழங்கியும் குறியாக்கத்தைச் சொல்வதில்லை. எனவே உலாவி ஊகித்து, தவறினால் எழுத்துகள் சிதைந்து தெரியும். உரைக் கோப்புகளை எச்டிஎம்எல் ஆக மாற்றி வைப்பதே எளிய தீர்வு.

எப்போதும் இயங்க வேண்டுமென்றால், பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கீழ் வழங்கியை ஒரு சேவையாக்கலாம். '/ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்' கோப்புறையில் ஒரு சேவைக் கோப்பு எழுதி, பைத்தானின் முழுப் பாதையோடு மேற்கண்ட கட்டளையை 'எக்செக்ஸ்டார்ட்' வரியில் வையுங்கள். 'டைனமிக்யூசர்', 'புரொடெக்ட்ஹோம்' ஆகிய இரண்டுக்கும் 'யெஸ்' கொடுத்தால், வழங்கி தனக்கென ஒரு தற்காலிகப் பயனராக இயங்கும். வீட்டுக் கோப்புறைகள் அதன் கண்ணிலேயே படாது. ஆவணக் கோப்புகளை எல்லாரும் படிக்கும் உரிமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முகப்பே பிழையாக வரும்.

பைத்தான் இல்லாத சிறு கணினிகளில் பல சிறு கட்டளைகளை ஒரே நிரலில் அடக்கிய பிசிபாக்ஸின் 'எச்டிடிபிடி' வழங்கி இருக்கக்கூடும். அது கோப்புறைப் பட்டியல் தராது என்பதால் 'இன்டெக்ஸ்' கோப்பு கட்டாயம். சி மொழியில் ஒரே கோப்பாக எழுதப்பட்ட டார்க்எச்டிடிபிடி என்ற வழங்கி எனக்குப் பிடித்தது: பெரிய பிடிஎஃப் கையேட்டில் தேவையான பகுதியை மட்டும் கேட்டு வாங்கும் வசதியை அது தருகிறது, பைத்தானின் இந்த வழங்கியில் அது இல்லை. அதன் 'சிரூட்' ஆப்ஷன் வழங்கியைக் கோப்புறைக்குள்ளேயே பூட்டிவிடும். ஆனால் வெளியே சுட்டும் குறியீட்டு இணைப்புகள் அப்போது உடைந்துபோகும், ஆகவே அதைப் பயன்படுத்தினால் ஆவணங்களை நகலெடுத்தே வைக்க வேண்டும்.

வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் இந்த ஆவணம் தேவைப்பட்டால் போர்ட்டை இணையத்துக்குத் திறக்க வேண்டாம். அவருக்கு உங்கள் கணினியில் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை நுழைவு) கணக்கு இருந்தால், 'எஸ்எஸ்எச்' கட்டளைக்குப் பேரெழுத்து 'எல்' ஆப்ஷனோடு '8000:127.0.0.1:8000' என்று கொடுத்து அவர் இணைந்தால் போதும். அவருடைய உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்:8000' திறக்கும்போது, இடையிலுள்ள வழி முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டு, வழங்கி 127.0.0.1-ஐ விட்டு நகராமலே பக்கங்கள் போய்ச்சேரும்.