புதிதாக வந்த பூனைக்கு என்ன சாப்பாடு வாங்குவது? கையைக் கடிக்காமல் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் முறை

செவலை எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் முழுக்க பீரோவுக்கு அடியிலேயே கிடந்தாள். ஒரு வயது நாட்டுப்பூனை, கருத்தடை ஆபரேஷன் முடிந்தவள். வருகிறாள் என்றதும் ஆசை ஆசையாக மூன்று கிலோ பாக்கெட் ஒன்றை ஆஃபரில் வாங்கி வைத்திருந்தேன். கிண்ணத்தில் போட்டு உள்ளே தள்ளினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை, அதுவரை அவளுக்குச் சோறு வைத்துவந்த மீன்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். "அது மத்தி மீனும் சோறும்தான் தின்னும் கண்ணு. திடீர்னு கல்லு மாதிரி எதையோ வச்சா எப்படித் தின்னும்?" என்றார். அன்று மதியம் வேகவைத்த மத்தியை முள் எடுத்து, கொஞ்சம் சோற்றில் பிசைந்து வைத்தேன். இரண்டு நிமிடத்தில் தட்டு காலி.

அந்த மூன்று கிலோவில் முக்கால்வாசி வீணாகிப் போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதல் வாரம் பழைய சாப்பாடே

பூனை எங்கிருந்து வந்ததோ அங்கே என்ன சாப்பிட்டது என்று கேட்டு, அதையே கொடுங்கள். புது வீடு, புது வாசனை, புது ஆட்கள் என்று அது ஏற்கெனவே மிரண்டு போயிருக்கும். சாப்பாடாவது பழகியதாக இருக்கட்டும்.

இதில் ஒரு விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று பூனையைப் பட்டினி போடாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பெரிய பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் பேசுங்கள். குட்டி என்றால் அரை நாளே அதிகம்.

படி 2: வயது, எடை

எடை பார்ப்பது சுலபம். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நாட்டுப்பூனை பெரும்பாலும் மூன்றிலிருந்து நாலரை கிலோவுக்குள் இருக்கும்.

ஒரு வயது ஆகாத பூனைக்குக் குட்டிகளுக்கான உணவுதான். வளர்கிற உடம்பு என்பதால் புரதமும் கொழுப்பும் கூடுதலாக வேண்டும். நாலு வாரம்கூட ஆகாத குட்டி கையில் கிடைத்தால் பசும்பால் கொடுக்க வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறது, அதுதான் சரி. வளர்ந்த பூனைகளிலும் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பூனை என்றால் பால் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததால் இதை நம்பக் கஷ்டமாக இருக்கும்.

படி 3: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் பளபளக்கும் பூனைப் படமும் மீன் படமும் இருக்கும். விஷயம் எல்லாம் பின்பக்கத்தில்தான்.

முதலில் தேட வேண்டியது "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்ற வரி. அந்த ஒரே உணவைச் சாப்பிட்டே பூனை வாழலாம் என்று அதற்குப் பொருள். "காம்ப்ளிமென்டரி" என்றோ "ட்ரீட்" என்றோ போட்டிருந்தால் அது நொறுக்குத் தீனி. குச்சி பாக்கெட்டில் வரும் கிரீம் எல்லாம் இந்த வகைதான். பூனை அதற்கு உயிரை விடும், ஆனால் அதை வைத்து வயிற்றை நிரப்பக் கூடாது.

இரண்டாவது, டாரின். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இறைச்சியிலும் மீனிலும் இயற்கையாகவே இருக்கும் ஒரு சத்து. நாய் தன் உடம்பிலேயே ஓரளவு டாரின் செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்ய முடியாது, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். இது குறைந்தால் கண்பார்வை போகும், இதயம் பலவீனமாகி வீங்கும். 1987-ல் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனைகளின் இதயநோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். டாரின் கொடுத்ததும் பூனைகள் தேறின. பாதிக்கப்பட்டவை எல்லாம் தெருவில் கிடந்தவை அல்ல, பாக்கெட் உணவு சாப்பிட்ட வீட்டுப் பூனைகளும் அதில் இருந்தன. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. வீட்டில் நாயும் இருந்தால், நாய் உணவையே பூனைக்கும் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, புரதம். ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பு வகுத்த அளவுகளைத்தான் பல கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அதன்படி ஈரப்பதத்தைக் கழித்த கணக்கில் பெரிய பூனைக்குக் குறைந்தது 26 சதவீதம், குட்டிக்கு 30 சதவீதம் புரதம் வேண்டும். அது குறைந்தபட்சம்தான். ட்ரை ஃபுட் (உலர்ந்த உருண்டைகளாக வரும் உணவு) என்றால் 30-க்கு மேல் இருப்பதாகப் பார்த்து நான் வாங்குகிறேன்.

இந்த "ஈரப்பதத்தைக் கழித்த கணக்கு" என்ன என்றால், ஈரமான உணவு வரும் சின்னப் பை, அதாவது பவுச், ஒன்றில் புரதம் 9 சதவீதம் என்று போட்டிருக்கும், ட்ரை பாக்கெட்டில் 32 சதவீதம் என்று இருக்கும். பவுச் மட்டம் என்று தோன்றும். ஆனால் பவுச்சில் 82 சதவீதம் தண்ணீர். மீதி 18-ல் 9 புரதம், அதாவது சரிபாதி. ட்ரை ஃபுட்டில் தண்ணீர் 10, மீதி 90-ல் 32, ஏறக்குறைய 36 சதவீதம். மொபைலில் ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான்.

கடைசியாக, என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். முதல் இடத்தில் சிக்கன், மீன், சிக்கன் மீல் என்று இறைச்சி சார்ந்த ஏதாவது ஒன்று, எந்த உயிரினம் என்று பெயரோடு இருந்தால் நல்லது. மீல் என்பது தண்ணீரும் கொழுப்பும் நீக்கிப் பொடித்தது, அதைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு இடத்திலும் மக்காச்சோளம், கோதுமை என்றால் அதை வைத்துவிட்டு அடுத்த பாக்கெட்டை எடுங்கள். கலர் கலராக வரும் உருண்டைகளுக்காகக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் கலர் நமக்குத்தான், பூனைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

படி 4: ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது?

கிலோ விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நானும் அந்த ஆஃபர் பாக்கெட்டில் அப்படித்தான் ஏமாந்தேன்.

பாக்கெட்டின் பின்னால் எடைக்கு ஏற்ற அளவு அட்டவணை இருக்கும். உதாரணத்துக்கு, ஒரு பாக்கெட் கிலோ 300 ரூபாய், நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு 70 கிராம் என்று போட்டிருக்கிறது. இன்னொன்று கிலோ 420 ரூபாய், அதே பூனைக்கு 50 கிராம் போதும் என்கிறது. இரண்டுக்கும் ஒரு நாள் செலவு 21 ரூபாய்! விலை கூடியதில் சத்து அடர்த்தியாக இருப்பதால் குறைவாகப் போட்டாலே போதும். மலமும் குறைவாகப் போகும், வீட்டுக்குள் அது மலம் கழிக்க வைக்கும் மண்ணும் அவ்வளவு சீக்கிரம் தீராது. பூனை மண் வாங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று தெரியும்.

கடைக்குப் போகும்போது கிலோ விலையையும் நாள் அளவையும் பெருக்கி 1000-ஆல் வகுத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். அட்டவணை சில சமயம் தாராளமாகவே சொல்லும், பூனை குண்டானால் கொஞ்சம் குறையுங்கள்.

அளவை டம்ளரில் குத்துமதிப்பாகப் போடாமல் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 50 கிராம் என்பது நாம் நினைப்பதைவிடக் கொஞ்சமாக இருக்கும். நான் கைப்பிடிக் கணக்கில் போட்டுக்கொண்டிருந்ததைத் தராசில் வைத்தபோது 80 கிராம் இருந்தது.

படி 5: ட்ரையா, பவுச்சா?

இரண்டும் கலந்துதான் என் வீட்டில். ட்ரை ஃபுட் விலை குறைவு, காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாலும் கெடாது. ஆனால் பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும், அதுவும் சென்னை வெயிலில் ட்ரை மட்டுமே கொடுத்தால் போதாது. 85 கிராம் பவுச் ஒன்றில் தோராயமாக 70 கலோரி இருக்கும், அதை மட்டும் கொடுப்பதென்றால் நாளைக்கு மூன்று பவுச் வேண்டும், மாதக் கடைசியில் பட்ஜெட் தாங்காது. ஒரு பவுச்சும் 40 கிராம் ட்ரையும் என்றால் கணக்கு சரியாக வரும். அதுவும் முடியாவிட்டால் ட்ரை ஃபுட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள், ஊறியதை அரைமணிக்கு மேல் வைக்க வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள், பல பூனைகள் அப்போதுதான் நன்றாகக் குடிக்கின்றன.

ஆண் பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க: அடிக்கடி மண்ணில் போய் உட்கார்ந்து, முக்கி, சிறுநீர் வராமல் கத்தினால் அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

படி 6: வீட்டுச் சாப்பாடு எதுவரை?

"எங்க பாட்டி வீட்டுப் பூனை மீன் சோறு தின்னுட்டு பத்து வருஷம் இருந்துச்சே" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பாட்டி வீட்டுப் பூனை எலி பிடித்தது, ஓணான் பிடித்தது, குருவி பிடித்தது. எலும்பு, ஈரல், இதயம் என்று முழுசாகத் தின்றது. டாரினும் கால்சியமும் அங்கிருந்து கிடைத்தன, மீன் சோறு அதற்கு மேல் கிடைத்த உபரி. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வலை போட்ட பால்கனியோடு வாழும் பூனைக்கு நாம் தட்டில் வைப்பதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அதனால்தான் அதற்கு முழுச்சத்து உணவு வேண்டும்.

அதற்காக வீட்டுச் சாப்பாடே கூடாது என்று சொல்லவில்லை. நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பயமில்லை. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன், அவித்த முட்டை எல்லாம் நல்லது. கடையில் கோழி வெட்டும்போது இதயத்தைக் கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவு, டாரினும் நிறைய. ஈரல் வாரத்தில் ஒரு சின்னத் துண்டு போதும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ அதிகமாகி எலும்பைப் பாதிக்கும்.

மீனைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். மத்தி, தெற்கே சாளை என்பார்கள், அதுவும் நெத்திலியும் உட்படச் சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். குழம்பிலிருந்து எடுத்த மீனைக் கழுவிப் போடுவதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தில் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், அதன் சாறு குழம்பு முழுக்க இறங்கியிருக்கும். வெந்த எலும்பு, திராட்சை, சாக்லேட் மூன்றும் வீட்டில் பூனைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

படி 7: பத்து நாளில் மாற்றுங்கள்

எதை வாங்குவது என்று முடிவானதும் மிகச் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். முதல் மூன்று நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அப்புறம் மூன்று நாள் புதியது முக்கால். பத்தாவது நாள் முழுக்கப் புதியது. நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்னால் போய் இரண்டு நாள் நில்லுங்கள். செவலைக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ட்ரை ஃபுட்டைப் பொடித்து, மத்தி வேகவைத்த தண்ணீரில் நனைத்து வைத்ததும்தான் நாக்கை நீட்டினாள்.

ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். மலம் உருண்டையாக இருக்கிறதா, முடி மினுங்குகிறதா, விலா எலும்பு தடவினால் கைக்குத் தட்டுப்பட்டு, பார்வைக்குத் துருத்தாமல் இருக்கிறதா? இருந்தால் அந்த உணவு ஒத்துக்கொண்டது. விலை குறைந்த பிராண்டாக இருந்தாலும் மாற்ற வேண்டாம். உடம்பு ஏறவில்லை என்றால் உணவைக் குறை சொல்லும் முன் வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று காட்டுங்கள். சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன.

படி 8: பெரிய பாக்கெட், எறும்பு, மழைக்காலம்

ஒத்துக்கொண்டது என்று தெரிந்த பிறகு பெரிய பாக்கெட் வாங்கினால் மிச்சமாகும். ஆனால் திறந்தபின் ஒன்றரை மாதத்துக்குள் தீரும் அளவுதான் வாங்க வேண்டும். ஒரு பூனைக்கு மூன்று கிலோவே அதிகபட்சம். கடையில் மூட்டையைப் பிரித்து லூஸில் நிறுத்துக் கொடுப்பதை நான் வாங்குவதில்லை. ஒருமுறை வாங்கியதில் பழைய எண்ணெய் வாடை அடித்தது. எப்போது பிரித்தார்கள், எப்போது காலாவதி என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியவில்லை.

பாக்கெட்டை அப்படியே வாயை மடித்து, இறுக்கமாக மூடும் டப்பாவுக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் காற்றுப்பட்டாலே நமுத்துவிடும். தட்டுக்கு எறும்பு வந்தால் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், எறும்பு சாக்பீஸில் பூச்சி மருந்து இருக்கிறது. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் சாப்பாட்டுக் கிண்ணத்தை வையுங்கள். பாக்கெட்டின் மேல் மார்க்கர் பேனாவால் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். செவலையின் இப்போதைய பாக்கெட்டில் எழுதியிருப்பது போன மாதம் 20-ம் தேதி. இன்னும் பத்து நாளைக்கு வரும்.