இரண்டாவது கால்குலஸ் தாளில் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. தண்ணீர் 24 அடியில் நின்றால் அணை பாதி நிறைந்திருக்கிறதா? பி.எஸ்சி. கணிதம் முதலாண்டுப் பிள்ளைகள் இரண்டாம் செமஸ்டருக்காக என்னிடம் வரும்போது, முதல் நாள் இதைத்தான் கேட்பேன். பலரும் உடனே "ஆமா சார்" என்பார்கள். குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் கொஞ்சம் யோசிப்பார்கள். கோடையில் வற்றிய அணையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அடியில் தண்ணீர் சின்ன இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். மட்டம் ஏற ஏறப் பரந்துகொண்டே போகும். அதனால் மேலே உள்ள ஒரு அடி தண்ணீரும் கீழே உள்ள ஒரு அடி தண்ணீரும் ஒன்றல்ல. 24 அடியில் அணை பாதிகூட நிறைந்திருக்காது.

அப்படியானால் கொள்ளளவை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு மட்டத்திலும் நீர்ப்பரப்பு எவ்வளவு என்று பார்த்து, அதை ஒரு மெல்லிய உயரத்தால் பெருக்கி, அடியிலிருந்து மேல்வரை கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல்தான் இன்டகிரேஷன். தமிழில் அதற்குத் தொகையிடல் என்று பெயர். தொகை என்றால் கூட்டி வந்தது. பெயரிலேயே பொருள் இருக்கிறது. ஆனால் கல்லூரிக்குப் போனதும் எல்லாரும் இன்டகிரேஷன் என்றே சொல்லிப் பழகி, அது ஒரு கூட்டல் என்பதை மறந்துவிடுகிறார்கள். வகையிடலை (டிஃபரென்ஷியேஷனை) திருப்பிப் போடும் வித்தை என்பது மட்டும்தான் மனதில் தங்குகிறது. இத்தனை வருடங்களில் நான் திருத்திய தவறுகளில் பெரும்பாலானவை இந்த மறதியில்தான் தொடங்குகின்றன.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் மாவட்டக் கல்லூரிகளில் கால்குலஸ் என்னும் நுண்கணிதத்தில் பொதுவாக முதலில் வகை நுண்கணிதமும் அடுத்துத் தொகை நுண்கணிதமும் வரும். பொறியியல் பிள்ளைகளுக்கு இதே பாடம் எஞ்சினியரிங் மேத்ஸ் தாள்களுக்குள் கலந்து வரும். பாடத்திட்டம் கொஞ்சம் மாறினாலும் வழுக்கும் இடங்கள் ஒன்றுதான்.

முதல் வழுக்கல் கணக்கைத் தொடும் முன்பே நடந்துவிடுகிறது. "இது பிளஸ் டூல படிச்சதுதானே சார்!" உண்மைதான். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே தொகையிடலின் பயன்பாடுகள் என்ற பாடத்தில் முறையற்ற தொகை, ரிடக்‌ஷன் ஃபார்முலா, காமா, சுழற்சியால் வரும் கன அளவு எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டன. அதனால் முதல் சில வாரங்கள் தெரிந்த ஊருக்குள் நடப்பது போலிருக்கும். அந்த நேரத்தில் கவனம் தளர்ந்துவிடும். மாசியில் மண்டைக்காடு கோயில் கொடை வருவதற்குள் இரட்டைத் தொகையும் மும்மடித் தொகையும் வந்து நிற்கும். பிரதியிடலும் பகுதித் தொகையிடலும் கை தடுமாறாமல் வராதவருக்கு அங்கே மூச்சு முட்டும். பழைய பாடம் மறுபடி வரும் அந்த முதல் வாரங்கள்தான் கையைப் பழக்கிக்கொள்ளும் காலம். அதை வீணாக்காதீர்கள்.

இனி கணக்குக்குள் வருவோம்.

1-ஐ எக்ஸ் வர்க்கத்தால் வகுத்து வரும் சார்பை (ஃபங்ஷனை) −1-லிருந்து 1 வரை தொகையிடச் சொன்னால், நிறையப் பேர் இரண்டே வரியில் −2 என்று எழுதிவிடுகிறார்கள். சூத்திரம் சரி, எல்லைகளைப் போட்டதும் சரி, கழித்ததும் சரி. ஆனால் அந்தச் சார்பு எங்கேயும் எதிர்மறை ஆவதே இல்லை. நேர் எண்களாகக் கூட்டிக்கொண்டே போனால் எப்படி எதிர்மறைத் தொகை வரும்? நடுவில் 0 என்ற இடத்தில் சார்பு வரையறுக்கப்படவில்லை. அதை நெருங்க நெருங்க மதிப்பு கட்டுக்கடங்காமல் உயர்கிறது. கணக்கை அங்கே இரண்டாக உடைத்துப் பார்த்தால், தொகை முடிவுள்ள எண்ணாக வருவதே இல்லை என்று தெரியும். எல்லைகளை எழுதியதும் பேனாவைச் சற்று நிறுத்தி, "இந்த வழியில் எங்காவது பள்ளம் இருக்கிறதா?" என்று பார்த்துவிட்டுத்தான் தொகையிட வேண்டும்.

வர்க்கமூலத்திலும் இதே கதைதான். 1 கூட்டல் காஸ் 2எக்ஸ், அதன் வர்க்கமூலம். 0-விலிருந்து பை வரை தொகையிட வேண்டும். அது ரூட் 2 பெருக்கல் காஸ் எக்ஸ் ஆகிறது என்று எழுதிவிட்டு, விடை 0 என்று முடிக்கிறார்கள். வர்க்கமூலம் எதிர்மறையாக வராது. பாதி வழிக்குப் பிறகு காஸ் எக்ஸ் எதிர்மறையாகிறது. அதனால் அங்கே அதன் மட்டு மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். சரியான விடை 2 ரூட் 2. கூட்டியதெல்லாம் நேர் எண்கள் என்று நினைவிருந்தாலே 0 என்ற விடை உறுத்தியிருக்கும்.

பிரதியிடலில் எல்லைகளை மாற்ற மறப்பது எல்லா வருடமும் நான் பார்ப்பது. 2எக்ஸ் பெருக்கல் (எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1)-இன் மூன்றாம் அடுக்கு. 0-விலிருந்து 2 வரை. எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1-ஐ யூ என்று வைத்ததும் எல்லைகள் 1, 5 என்று மாறிவிட வேண்டும். விடை 156. பழைய 0, 2-ஐயே விட்டுவைத்தால் 4 வரும். இந்த 4 தவறு என்று கண்டுபிடிக்கப் பதில் புத்தகம் தேவையில்லை. எக்ஸ் 1 ஆகும்போதே சார்பின் மதிப்பு 16. அதற்குப் பிறகு ஏறிக்கொண்டேதான் போகிறது. 1-லிருந்து 2 வரை உள்ள பகுதி மட்டுமே 16-க்கு மேல் இருக்கும்போது, மொத்தம் எப்படி 4 ஆகும்?

விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் இந்தப் பழக்கத்தை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. இதற்கு அரை நிமிடம் போதும். சைனின் ஐந்தாம் அடுக்கை 0-விலிருந்து பை/2 வரை தொகையிட்டால் 8/15. ஆறாம் அடுக்குக்கு 5 பை/32. ஒற்றை அடுக்குக்குப் பை/2 பெருக்கக் கூடாது, இரட்டை அடுக்குக்குப் பெருக்க வேண்டும் என்பதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். சைன் அந்த இடைவெளியில் 1-ஐத் தாண்டாது. அதனால் அடுக்கு கூடக்கூடத் தொகை குறைய வேண்டும். நான்காம் அடுக்குக்கு சுமார் 0.589, ஐந்தாவதற்கு 0.533, ஆறாவதற்கு 0.491. ஐந்தாவதற்குத் தவறிப்போய்ப் பை/2 பெருக்கினால் 0.838 வரும். வரிசை உடைவது கண்ணுக்கே தெரியும். காமாவில் இதைவிடச் சின்னத் தவறு ஒன்று உண்டு: காமா 5 என்றால் 4 ஃபாக்டோரியல் (4×3×2×1), அதாவது 24. அவசரத்தில் 120 என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது இரட்டைத் தொகை, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முறை தொகையிடுவது. இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். அதிகமான மதிப்பெண் போவதும், சரியாகப் புரிந்தால் அதிகமான மகிழ்ச்சி கிடைப்பதும் இங்கேதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஈ (சுமார் 2.72) என்ற எண்ணின் அடுக்கில் ஒய் வர்க்கம். முதலில் ஒய்-ஐ எக்ஸிலிருந்து 1 வரை தொகையிட வேண்டும். அப்புறம் எக்ஸை 0-விலிருந்து 1 வரை. உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஈ-யின் அடுக்கு ஒய் வர்க்கத்துக்கு நமக்குத் தெரிந்த சார்புகளைக் கொண்டு எழுதும்படியான தொகை கிடையாது. வரிசையை மாற்ற வேண்டும். இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு, இரண்டு தொகைக் குறிகளையும் எல்லைகளோடு அப்படியே இடம் மாற்றிப் போடுவது. அப்படிப் போட்டால் கடைசி விடையில் எக்ஸ் மிச்சமாக நிற்கும். விடை ஓர் எண்ணாக வர வேண்டிய கணக்கில் எக்ஸ் எப்படி மிஞ்சும்? அதுவே தவறைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

நாஞ்சில் நாட்டில் மூன்று மூலை உள்ள ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்றைத் தெற்கு வடக்காகவும் வரிசை போட்டு நடலாம், கிழக்கு மேற்காகவும் நடலாம். வயல் அதேதான், வரப்பும் அதேதான். ஆனால் ஒவ்வொரு வரிசையும் எந்த வரப்பில் தொடங்கி எந்த வரப்பில் முடிகிறது என்பது மாறிவிடும். நம் கணக்கில் வயல் என்பது (0,0), (0,1), (1,1) என்ற புள்ளிகளை இணைக்கும் முக்கோணம். செங்குத்து வரிசையாகப் போனால் ஒய் சமம் எக்ஸ் என்ற கோட்டில் தொடங்கி ஒய் சமம் 1-இல் முடிகிறது. கிடை வரிசையாகப் போனால் எக்ஸ் 0-வில் தொடங்கி ஒய்-இல் முடிகிறது. அந்த வரிசைகள் ஒய் 0-விலிருந்து 1 வரை அடுக்கப்படுகின்றன. இப்போது உள்ளே தொகையிட்டால் ஒய் பெருக்கல் ஈ-யின் அடுக்கு ஒய் வர்க்கம் கிடைக்கும். அது எளிதில் தொகையாகும். விடை ஈ கழித்தல் 1, அதில் பாதி. சுமார் 0.86. முக்கோணத்தின் பரப்பு அரை, சார்பின் மதிப்பு 1-க்கும் 2.72-க்கும் நடுவில். ஆகவே விடை 0.5-க்கும் 1.36-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இருக்கிறது.

படம் வரையாமல் யாரும் இதைச் சரியாகச் செய்து நான் பார்த்ததில்லை. படம் வரைய நேரமில்லை என்று சொல்பவர்கள்தான் அதே கணக்கை மூன்று முறை அடித்து எழுதுகிறார்கள். அளவுகோல்கூட வேண்டாம். கோடுகளைப் பெயருடன் கிறுக்கி, ஒரே ஒரு வரிசையை அம்புக்குறியோடு வரைந்தால் போதும்.

ஒரு புள்ளியை நடுவிலிருந்து உள்ள தூரத்தாலும் (ஆர்) கோணத்தாலும் குறிக்கும் போலார் ஆயத்தொலைவுக்கு மாறும்போது ஆர் என்ற காரணி விட்டுப்போவது இன்னொன்று. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். ஆரம் 2 உள்ள வட்டத்தின் பரப்பைக் காணச் சொன்னால், ஆர் போட்டாலும் 4 பை, போடாவிட்டாலும் 4 பை! தவறு தெரியாமலே மறைந்துவிடும். ஆரம் 3 என்று கொடுத்தால் சரியான விடை 9 பை, தவறானது 6 பை. அதனால் நான் எப்போதும் 3-ஐத்தான் கொடுக்கிறேன். அந்த ஆர் ஏன் வருகிறது என்பதற்கு சைக்கிள் சக்கரத்தைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு கம்பிகளுக்கு நடுவில் கோணம் மாறுவதில்லை. ஆனால் நடுவில் நெருங்கியிருக்கும் கம்பிகள் விளிம்பில் விலகி நிற்கின்றன. கூட்டப்படும் துண்டின் அகலம் தூரத்துக்கு ஏற்ப வளர்கிறது. அந்த வளர்ச்சிதான் ஆர். ஜக்கோபியன் என்று பெரிய பெயரில் வருவதும் இதுதான்: துண்டு எவ்வளவு விரிந்தது, எவ்வளவு சுருங்கியது என்ற கணக்கு.

முடிவிலித் தொடர்கள் சிலருக்கு இதே தாளில் வரும், சிலருக்கு வேறு தாளில். எங்கே வந்தாலும் தவறு ஒன்றுதான்: உறுப்புகள் 0-வை நெருங்கினால் தொகை ஓர் எண்ணில் நின்றுவிடும் என்று நம்புவது. 1, 1/2, 1/3, 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால் அது எங்கும் நிற்பதில்லை. 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும், ஆனால் தாண்டும். 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிகோல் ஒரேம் காட்டிய வழி இன்றும் ஒரு நிமிடத்தில் புரியும்: 1/3-உம் 1/4-உம் சேர்ந்தால் அரைக்கு மேல், அடுத்த நான்கு சேர்ந்தால் அரைக்கு மேல், அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரைகள் முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். மறுபக்கம், அதே நூற்றாண்டில் நமக்குப் பக்கத்துக் கேரளத்தில் கணித அறிஞர் சங்கமகிராமத்து மாதவன் கண்ட தொடர், 1 கழித்தல் 1/3 கூட்டல் 1/5 என்று போய், பையில் நாலில் ஒரு பங்கில் நிற்கிறது. ஆனால் மெல்ல மெல்லத்தான் நிற்கிறது. 100 உறுப்புகளைக் கூட்டி 4-ஆல் பெருக்கினாலும் 3.1316 வரைதான் வரும். குவிகிறதா, அதாவது ஓர் எண்ணில் நிற்கிறதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகத்தில் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படிக்கும் முறையில் நான் சொல்ல விரும்புவது இரண்டே விஷயம். வீடியோவில் ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு "புரிஞ்சுது சார்" என்பவர்களிடம், அதே கணக்கை வெறும் தாளில் போடச் சொல்வேன். இரண்டாம் வரியில் நின்றுவிடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே புரிந்தது. ஆனால் அடுத்து எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவை வீடியோவில் இருப்பவர் எடுத்துவிட்டார். தேர்வில் அந்த முடிவை எடுக்க வேண்டியது நீங்கள். தீர்வை மூடிவைத்துப் பத்து நிமிடம் தடுமாறிவிட்டுத் திறந்து பாருங்கள். அந்தத் தடுமாற்றம் வீண் இல்லை. இரண்டாவது, ஒரு யூனிட்டையே விட்டுவிடலாம் என்ற கணக்கு. பல கேள்வித்தாள்களில் சாய்ஸ் அதே யூனிட்டுக்குள்தான் இருக்கும். யூனிட்டை விட்டால் சாய்ஸும் சேர்ந்து போய்விடும்.

இன்டர்னல் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். போன மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: எல்லை, குறி, முறை, கூட்டல் கழித்தல். தக்கலையிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண்பிள்ளை அப்படி எழுதிப் பார்த்தபோது, அநேகமாக எல்லா இடத்திலும் எல்லை என்றே இருந்தது. "மக்களே, இந்த வாரம் நீ எதையும் தொகையிட வேண்டாம்" என்றேன். இருபது கணக்குகளுக்குப் படமும் எல்லைகளும் மட்டும் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை நோட்டு முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்களும் அரைவட்டங்களும் அம்புக்குறிகளுமாக வந்து நின்றாள். பதினெட்டு சரியாக இருந்தன.